லேமினேட் வால்நட் ஸ்டாக்: சிறு பட்டறையில் ஆர்டர் கொடுக்க முழுமையான வழிகாட்டி

ரைபிளுக்கு ஒரு வால்நட் ஸ்டாக், அதாவது கையிலும் தோளிலும் பிடிக்கும் மரப்பகுதி, செய்து வாங்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் மரத்தின் படத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். இருண்ட வால்நட் நடுவே வெளிர் மேப்பிள் கோடு ஓடும் ஒரு படத்தைப் பட்டறைக்கு அனுப்பி, இதேபோல் எனக்கும் வேண்டும் என்கிறார்கள். ஆனால் பட்டறைக்காரருக்கு முதலில் தேவை வேறு மூன்று விஷயங்கள். அந்தத் துப்பாக்கியை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள், உங்கள் இரும்பு (ஸ்டாக்கில் உட்காரும் உலோகப் பாகங்கள்) என்ன, உங்கள் உடம்பின் அளவு என்ன. இந்த மூன்றும் காகிதத்தில் ஏறிய பிறகு மரத்தைப் பேசினால் போதும். இந்த வரிசை மாறினால் பார்க்க அழகாகவும் தோளில் பொருந்தாமலும் ஒரு ஸ்டாக் வந்து சேரும். அதைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில், போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு. இலக்குச் சுடுதலுக்கும் மான் வேட்டைக்கும் பொருந்தும்.

லேமினேட் (பலகைகளை அடுக்கி ஒட்டிய மரம்) எதற்கு?

மரம் வெட்டிய பிறகும் ஈரத்தை வாங்கும், விடும். கறுப்பு வால்நட் பச்சை நிலையில் இருந்து முழுதும் காயும்போது ஆண்டு வளையங்களின் ஓட்டத்தில் சுமார் 7.8 சதவீதம் சுருங்குகிறது. மையத்தில் இருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 5.5 சதவீதம்தான். இரண்டு திசையிலும் ஒரே அளவு சுருங்கினால் தொல்லை இல்லை. வித்தியாசம் இருப்பதால்தான் மரம் கோணுகிறது, முறுக்கிக்கொள்கிறது. ஸ்டாக்கின் முன்பகுதி மழைக்காலத்தில் மயிரிழை நகர்ந்து பேரலைத் தொட்டாலும் குண்டு விழும் இடம் மாறிவிடும்.

இன்னொரு காரணம் மரம் காயும் விதம். ஒரே துண்டில் ஸ்டாக் செதுக்க 2 முதல் 2.5 அங்குலக் கனமுள்ள பலகை வேண்டும். காற்றில் காய வைக்கும்போது ஒரு அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது மரக்காரர்கள் சொல்லும் பழைய கணக்கு. அவ்வளவு கனமான கட்டையில் வெளிப்புறம் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் தங்கியிருக்கும். மெல்லிய பலகைகள் சீக்கிரமாகவும் சீராகவும் காயும். அவற்றை ஒன்றின் ரேகை மற்றதை எதிர்க்கும்படி திருப்பி வைத்து ஒட்டினால், ஒரு பலகை வளைய முயலும்போது பக்கத்துப் பலகை பிடித்து நிறுத்தும். ஜெர்மானியர்கள் 1930களிலேயே தங்கள் 98கே ராணுவ ரைபிளுக்கு பீச் மரத் தகடுகளை ஒட்டிய ஸ்டாக்குக்கு மாறத் தொடங்கினார்கள். நல்ல வால்நட் ஆண்டுக்கணக்கில் காயும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. வந்த ஸ்டாக்கோ பழையதைவிட உறுதியாகவே இருந்தது.

கடைகளில் 'லேமினேட் ஸ்டாக்' என்று பரவலாகக் கிடைப்பது வேறு சரக்கு. அது சாயம் ஏற்றிய பர்ச் மரத்தின் சுமார் 1.6 மில்லிமீட்டர் தகடுகளை அழுத்தி ஒட்டியது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் மிட்செல் ஊரில் இருக்கும் பாய்ட்ஸ் நிறுவனம் அதில் பெயர் பெற்றது. விலை குறைவு, உறுதி அதிகம், எடையும் அதிகம். வேட்டைக்கு ஒரு நல்ல ஸ்டாக் போதும் என்றால் அதுவே போதும் என்று தயங்காமல் சொல்வேன். சிறு பட்டறையில் செய்வது வால்நட் பலகைகளை மூன்று, ஐந்து, ஏழு என்று தடித்த அடுக்குகளாக ஒட்டிச் செதுக்கும் வேலை. அதற்கு விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

முதல் படி: எதற்குச் சுடப் போகிறீர்கள்?

மேசையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், படுத்துக்கொண்டு தாங்கியில் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ் இரண்டுக்கும் முன்பகுதி அகலமாக, அடி தட்டையாக இருக்க வேண்டும். எஃப்-கிளாஸ் கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவர்சன் தொடங்கி வைத்த போட்டி. பெயரில் உள்ள எஃப் அவருடையதுதான். அதன் ஓப்பன் பிரிவில் துப்பாக்கியின் மொத்த எடை 10 கிலோவைத் தாண்டக் கூடாது, டிஆர் பிரிவில் 8.25 கிலோ. பேரல், ஸ்கோப், மவுன்ட் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஆகவே ஸ்டாக்குக்கு எவ்வளவு எடை மிச்சம் என்பதை நீங்கள்தான் கழித்துப் பார்த்துப் பட்டறைக்குச் சொல்ல வேண்டும். முன்பகுதியின் அகலத்துக்கு 3 அங்குலம் என்ற உச்ச வரம்பு ஓப்பனிலும் பெஞ்ச்ரெஸ்ட்டின் பல பிரிவுகளிலும் உண்டு. நீங்கள் கலந்துகொள்ளும் போட்டியின் விதிப்புத்தகத்தை ஒருமுறை பாருங்கள்.

இந்த வகை ஸ்டாக்கில் கண்ணுக்குத் தெரியாத முக்கியமான அளவு ஒன்று உண்டு. முன்பகுதியின் அடியும் பட்டின் (தோளில் பதியும் பின்பகுதி) அடியும் பேரலின் அச்சுக்கு இணையாக ஓட வேண்டும். அப்போதுதான் சுட்டதும் துப்பாக்கி மணல்பையில் நேராகப் பின்னால் வழுக்கி, அதே தடத்தில் திரும்பும். இதை ஆர்டரில் எழுதிக் கேளுங்கள்.

மான் வேட்டைக்கு இது எதுவும் வேண்டாம். நாள் முழுக்கத் தூக்கி நடக்க வேண்டும். மெல்லிய முன்பகுதி, இலேசான மரம், பெல்ட் மாட்ட வளையம், அவ்வளவுதான். ஒரே ஸ்டாக்கில் இரண்டும் வேண்டும் என்று கேட்டால் பட்டறைக்காரர் செய்து தரக்கூடும். ஆனால் காட்டில் அது பாரம், போட்டியில் அது ஆடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: இரும்பின் விவரம்

எதையும் அளக்கும் முன் மேகசினைக் கழற்றி, போல்ட்டை உருவி, சேம்பர் (குண்டு உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் எழுத வேண்டியவை: ஆக்‌ஷனின் பெயர் (போல்ட், ட்ரிகர் எல்லாம் அமரும் இயங்குபகுதி இது), ஷார்ட்டா லாங்கா, இடக்கையா வலக்கையா. ரெமிங்டன் 700 என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. 1962 முதல் வரும் அந்த ஆக்‌ஷனின் அளவை இன்றைய தனியார் ஆக்‌ஷன்களில் நிறையப் பேர் பின்பற்றுகிறார்கள். ஆனால் 'பின்பற்றுகிறார்கள்' என்பதை மட்டும் நம்ப வேண்டாம். ரீகாயில் லக்கின் (சுடும்போது வரும் உதைப்பை மரத்துக்குக் கடத்தும் இரும்புத் துண்டு) தடிப்பு, போல்ட் கைப்பிடி இறங்கும் இடம், ட்ரிகரில் பாதுகாப்புப் பூட்டு இருக்கும் பக்கம் மூன்றும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும். அடுத்து அடிப்பக்கத் தகடு: கீழே மூடி திறக்கும் வகையா, மூடியே இல்லாத வகையா, கழற்றும் மேகசினா? மேகசின் என்றால் எந்த வகை? ஸ்டாக்கின் வயிற்றில் எவ்வளவு குடைய வேண்டும் என்பது இதை வைத்துத்தான்.

பேரலுக்கு 'கனமானது', 'மெல்லியது' என்ற சொற்கள் போதாது. கன்டூர் (பேரலின் தடிப்பு முனைவரை மாறும் வடிவம்) பெயரைக் கொடுங்கள். தெரியாவிட்டால் ஆக்‌ஷன் முடியும் இடத்தில் இருந்து ஒவ்வொரு 2 அங்குலத்துக்கும் காலிப்பரில் விட்டம் அளந்து எழுதி அனுப்புங்கள். எதிர்காலத்தில் தடித்த பேரலுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் பள்ளத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

மூன்றாம் படி: உங்கள் உடம்பு

காசு கொடுத்துச் செய்து வாங்குவதன் உண்மையான பலன் இந்தப் படியில்தான் இருக்கிறது. இதில் நேரம் செலவிடுங்கள்.

ட்ரிகரின் நடுவில் இருந்து பட்டின் பின்பக்கம் வரை உள்ள நீளத்தை 'லெங்த் ஆஃப் புல்' என்பார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் பெரியவர்களுக்கு என்று சுமார் 13.5 அங்குலம் வைக்கின்றன. நம்மில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும், அது நீளம். நீளமான ஸ்டாக்கைப் பிடிக்கும்போது தலையை முன்னால் நீட்ட வேண்டியிருக்கும். கழுத்து வலிக்கும், ஸ்கோப்பில் ஓரம் இருண்டு தெரியும். முழங்கையை மடக்கி அதன் உட்புறத்தில் இருந்து விரல்வரை அளக்கும் பழைய வழி ஒரு தோராயத்துக்கு மட்டும் சரி. சுடும் நிலையில் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தை மரத்தில் பதித்து, பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பதே மேல். ட்ரிகர் பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி. இதை வீட்டு டி-ஷர்ட்டில் பார்த்துவிட்டு நவம்பரில் கனத்த ஜாக்கெட்டோடு வேட்டைக்குப் போனால் அரை அங்குலம் அதிகமாகத் தெரியும். எந்த உடையில் சுடுவீர்களோ அந்த உடையில் அளங்கள்.

அடுத்தது கன்னம் பதியும் மேட்டின் உயரம். பேரலின் மையத்தில் இருந்து ஸ்கோப்பின் மையம் எவ்வளவு உயரம் என்று ஒரு அளவு. கன்ன எலும்பின் அடியில் இருந்து கண்மணியின் நடுவரை இன்னொரு அளவு. இரண்டின் வித்தியாசம்தான் மேடு பேரல் அச்சுக்கு மேலேயா கீழேயா, எவ்வளவு என்பதைச் சொல்லும். இதைக் கணக்கில் மட்டும் முடிக்காமல் கையால் சோதித்துவிடுங்கள். இப்போது இருக்கும் ஸ்டாக்கின் மேல் ஃபோம் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி, கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியும்வரை ஏற்றி இறக்குங்கள். அந்த உயரத்தை அளந்து அனுப்பினால் பட்டறைக்காரர் மனதார நன்றி சொல்வார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, கவனியுங்கள். மேடு உயர்ந்தால் போல்ட்டைப் பின்னால் உருவ முடியாது. சுத்தம் செய்யக்கூட ஸ்டாக்கைக் கழற்ற வேண்டிவரும். ஒன்று, மேட்டின் முனையில் போல்ட்டுக்கு வழி விட்டுப் பள்ளம் வெட்டச் சொல்லலாம். அல்லது ஏற்றி இறக்கும் கன்னத்துண்டு வைக்கச் சொல்லலாம். போட்டித் துப்பாக்கிக்கு இரண்டாவது வழியையே நான் சொல்வேன். செலவு கூடும், ஆனால் ஸ்கோப்பை மாற்றினாலும் ஸ்டாக் உங்களோடு இருக்கும்.

வலக்கையர்களுக்குப் பட் பகுதியைச் சற்றே வலப்பக்கம் ஒதுக்குவது உண்டு. வேட்டைத் துப்பாக்கியில் அது சுகம். மணல்பையில் வைத்துச் சுடுவதற்கு வேண்டாம், நேராகவே இருக்கட்டும். பிடியில் உள்ளங்கைக்கு ஒரு புடைப்பு வேண்டுமா என்றும் கேட்பார்கள். உங்கள் கையை ஒரு தாளில் வைத்துக் கோடு வரைந்து அனுப்புங்கள். ட்ரிகரில் விரலின் முதல் கணு செங்கோணத்தில் விழுகிறதா என்பதே இதில் பார்க்க வேண்டியது.

நான்காம் படி: மரம்

கிழக்கு அமெரிக்காவின் கறுப்பு வால்நட் நேரான ரேகை, நல்ல உறுதி, நியாய விலை. லேமினேட்டுக்கு அதுதான் பொதுவான தேர்வு. ஆங்கில வால்நட் என்பது துருக்கி, காக்கசஸ், கலிஃபோர்னியா எனப் பல இடத்தில் இருந்து வரும். நெருக்கமான மரம் என்பதால் பிடியில் வெட்டும் சதுரக் கோடுகள் கூர்மையாக நிற்கும். வடக்கு கலிஃபோர்னியாவின் கிளாரோ வால்நட் கண்ணைப் பறிக்கும், ஆனால் மென்மையானது. அந்தப் பக்கத்துப் பழத்தோட்டங்களில் கிளாரோ வேரில் ஆங்கில வால்நட்டை ஒட்டுக்கட்டி வளர்ப்பார்கள். மரம் காய்ப்பை நிறுத்தியதும் தூரோடு தோண்டி எடுப்பார்கள். ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே கிடைக்கும் கட்டையில்தான் அந்த நெருப்பு போன்ற ரேகைகள் அதிகம். இவ்விரண்டின் கலப்பான பாஸ்டோன் கனமும் உறுதியும் கூடியது.

அமெரிக்க மரக்கிடங்குகளில் கறுப்பு வால்நட்டை நீராவியில் வைத்து வெளிறையும் (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) வைரத்தைப் (நடுவில் இருக்கும் இருண்ட மரம்) போல இருட்டாக்கி விற்பது வழக்கம். அதனால் வைரத்தின் ஊதாவும் சிவப்பும் மங்கிப் போகும். காற்றில் காய்ந்த பலகையா நீராவி கொடுத்ததா என்று கேளுங்கள். நிறத்துக்காகச் செலவு செய்கிறீர்கள் என்றால் இந்த ஒரு கேள்வி முக்கியம்.

அடுக்குகள் செங்குத்தாக, பேரலின் நீளவாக்கில் நிற்கும். மேலே இருந்து பார்த்தால் நேர்க்கோடுகள். பக்கத்தில் இருந்து பார்த்தால் வெளிப்பலகையின் முகம். பிடி, கன்னம் என வளைவு வரும் இடங்களில், மலைப்பகுதியின் வரைபடத்தில் உயரம் காட்டும் கோடுகளைப் போல அடுக்குகள் ஒன்றன் உள்ளே ஒன்றாக வெளிப்படும். இதில் பலர் ஏமாறுவது உண்டு. அழகான ரேகையுள்ள வெளிப்பலகைக்குத் தனியாகக் காசு கொடுப்பார்கள். அது மெல்லியதாக இருந்தால் செதுக்கும்போது பட்டின் நடுவிலும் முன்பகுதியின் பக்கவாட்டிலும் மட்டும் மிஞ்சும். மற்ற இடங்களில் சீவலாகப் போய்விடும். வெளிப்பலகையின் தடிப்பு எவ்வளவு, செதுக்கிய பிறகு அது எங்கெல்லாம் நிற்கும் என்று கேட்டு, முடிந்தால் கோட்டோவியம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடிக்கழுத்தில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். ஸ்டாக் உடைவதென்றால் பெரும்பாலும் அங்கேதான், ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில். ஒட்டியதால் இந்த ஆபத்து குறையும், மறையாது. சுருள் ரேகைகள் எல்லாம் பட்டில் இருக்கட்டும். கழுத்துக்கும் உள் அடுக்குகளுக்கும் சாதாரண நேர்மரமே நல்லது.

பசையைப் பற்றியும் பேசிவிடுங்கள். சாதாரண மரவேலை வெள்ளைப் பசையும் மஞ்சள் பசையும் வெப்பத்தில் இளகி, தொடர்ந்த பாரத்தில் மெல்ல நகரும் தன்மை உள்ளவை. கோடையில் கார் டிக்கியில் கிடக்கும் பொருளுக்கு அது ஆகாது. எப்பாக்ஸி அல்லது யூரியா பிசின் என்றால் சரி. எப்பாக்ஸியை ஒட்டும்போது கிளாம்ப்பை முரட்டுத்தனமாக இறுக்கினால் பசை முழுவதும் வழிந்து இணைப்பு வறண்டுவிடும். இதைப் பட்டறைக்காரர் தானாகவே சொன்னால் அவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பலாம். பிளாக்கை (அடுக்குகளை ஒட்டிய கட்டை) அவரே ஒட்டுகிறாரா, வெளியே வாங்குகிறாரா என்பதையும் கேளுங்கள். வெளியே வாங்குவது குற்றம் இல்லை. ஆனால் வரத்து நின்றால் உங்கள் ஆர்டரும் நிற்கும். 2014 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்தின் ருட்லாண்ட் பிளைவுட் ஆலை தீப்பிடித்து அழிந்தபோது, அங்கே பர்ச் லேமினேட் வாங்கிக்கொண்டிருந்த ஸ்டாக் தயாரிப்பாளர்கள் திண்டாடினார்கள்.

ஒட்டும் நேரத்தில் பலகையின் ஈரம் 6 முதல் 8 சதவீதம் இருக்க வேண்டும். ஈரமானி வைத்து அளக்கிறாரா என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐந்தாம் படி: எவ்வளவு வேலை அவருக்கு, எவ்வளவு உங்களுக்கு?

'90 சதவீதம் குடைந்தது' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. மிச்சம் 10 சதவீதம்தான் கடினமான வேலை. உளி பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் முழுதும் குடைந்து, அலுமினியப் பில்லர் (ஸ்க்ரூ இறுகும்போது மரம் அமுங்காமல் தாங்கும் குழாய்) பதித்து, எப்பாக்ஸி பெட்டிங் (இரும்பு அச்சாக உட்கார எப்பாக்ஸியில் அமைக்கும் படுக்கை) செய்து வாங்குங்கள். ஆக்‌ஷன் உட்காரும் இடம் அச்சாக அமையாத ஸ்டாக்கில் மற்ற எல்லா அழகும் வீண்.

மேல்பூச்சில் எண்ணெய் பார்க்க இதமாக இருக்கும், கீறல் விழுந்தால் நீங்களே தேய்த்துச் சரிசெய்யலாம். கார்களுக்கு அடிக்கும் தெளிவான யூரித்தேன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், பழுது பார்ப்பது கடினம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பேரல் பள்ளம், மேகசின் குழி, ரப்பர் பேடுக்கு அடியில் இருக்கும் வெட்டுமுகம் எல்லாவற்றையும் பூசி அடைக்கச் சொல்லி எழுதுங்கள். மரம் ஈரம் குடிப்பது வெட்டுமுகத்தின் வழியாகத்தான் அதிகம். வெளியே கண்ணாடியாக மின்னி, உள்ளே பச்சையாக விட்ட ஸ்டாக்குகள் சந்தையில் நிறைய.

ஆறாம் படி: பணமும் எழுத்தும்

தொலைபேசியில் பேசியது எல்லாம் ஒரே தாளில் எழுத்தாக வர வேண்டும். அளவுகள், மர வகை, அடுக்கு எண்ணிக்கை, பசை, பூச்சு, உத்தேச எடை, மொத்த விலை, முன்பணம், நாள். முன்பணம் கொடுப்பது நியாயம், ஏனென்றால் உங்கள் அளவில் செய்ததை வேறொருவருக்கு விற்க முடியாது. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். பிளாக் ஒட்டி முடிந்ததும் ஒரு படம், செதுக்கியதும் பூச்சுக்கு முன்னால் ஒரு படம் கேளுங்கள். அந்த இரண்டாவது படத்தில்தான் மாற்றம் சொல்லக் கடைசி வாய்ப்பு. ஒருவரோ இருவரோ வேலை செய்யும் இடம் என்பதால் தாமதம் வரும். ஒட்டிய பிளாக் சில வாரம் சும்மா கிடக்க வேண்டும் என்று அவர் சொன்னால் அது சாக்கு அல்ல, நல்ல பழக்கம்.

ஏழாம் படி: அனுப்புவதும் சட்டமும்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் துப்பாக்கி என்று கணக்கில் வருவது ரிசீவர், அதாவது போல்ட் ஓடும் உடல்பகுதிதான். வெறும் ஸ்டாக் வீட்டுக்கே பார்சலில் வரலாம். ஆனால் அளவு பார்க்க உங்கள் ஆக்‌ஷனை அனுப்பச் சொன்னால் கதை வேறு: அதைப் பெறுபவரிடம் எஃப்எஃப்எல் என்ற கூட்டாட்சி உரிமம் இருக்க வேண்டும். உரிமம் உள்ளவரிடம் பழுதுபார்க்கவோ பொருத்தவோ அனுப்பினால், அவர் நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். நிறைய ஸ்டாக் பட்டறைகளுக்கு உரிமம் கிடையாது. அவர்கள் மாதிரி ஆக்‌ஷன் வைத்துக் குடைந்து தருவார்கள், பெட்டிங்கை உங்கள் ஊரில் துப்பாக்கி வேலை பார்க்கும் கன்ஸ்மித்திடம் செய்துகொள்ள வேண்டும். கட்டைவிரல் நுழையும் துளை கொண்ட வடிவம் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்குச் சிக்கல் தரும். போல்ட் ஆக்‌ஷனுக்கு அந்தத் தடை இல்லை.

ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதங்களின் பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது. அமெரிக்காவில் இருந்து வெளியே கொண்டுபோகவும் ஏற்றுமதி விதிகள் உண்டு.

எட்டாம் படி: கைக்கு வந்த பிறகு

உடனே ரேஞ்சுக்கு ஓட வேண்டாம். பெட்டியைத் திறந்து, உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழக ஓரிரு வாரம் விடுங்கள். அப்புறம் காலித் துப்பாக்கியைப் பொருத்திப் பாருங்கள். ஆக்‌ஷன் ஸ்க்ரூக்கள் துளையின் பக்கங்களை உரசக் கூடாது. மேகசின் பெட்டி இறுகாமல் இலேசாக ஆட வேண்டும். ட்ரிகரும் போல்ட் கைப்பிடியும் மரத்தை எங்கும் தொடக் கூடாது. ஒரு டாலர் நோட்டைப் பேரலுக்கு அடியில் விட்டு முன்முனையில் இருந்து ரீகாயில் லக் அருகே வரை இழுங்கள். தடையில்லாமல் போக வேண்டும்.

பெட்டிங் சரியா என்று பார்க்க, பேரலும் முன்பகுதி முனையும் சேரும் இடத்தில் ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) வைத்து, முன் ஸ்க்ரூவைத் தளர்த்தி இறுக்குங்கள். முள் 0.002 அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் ஆக்‌ஷன் வளைந்து உட்காருகிறது என்று அர்த்தம். கேஜ் இல்லாவிட்டால் அந்த இடத்தில் விரல்நுனியை வைத்தாலே பெரிய அசைவு தெரிந்துவிடும். முதல் குண்டு சுடும் முன்பே இதைச் சொன்னால்தான் பட்டறைக்காரர் மறுக்காமல் சரிசெய்வார்.

ஸ்க்ரூவை இறுக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். பில்லர் இல்லாத மரத்தில் 35 முதல் 45 அங்குல-பவுண்டு, பில்லர் இருந்தால் 65 வரை என்பது பொதுவான அளவு. செய்தவர் வேறு எண் சொன்னால் அதுவே கணக்கு. பில்லர் இல்லாவிட்டால் மரம் அமுங்கி ஸ்க்ரூ தளரும், ஆகவே முதல் சில முறை சுட்ட பிறகும், பருவம் மாறும்போதும் மறுபடி சோதியுங்கள். நோட்டு இழுக்கும் சோதனையையும் மழைக்காலத்தில் ஒருமுறை, குளிரில் ஹீட்டர் ஓடும் மாதங்களில் ஒருமுறை செய்து, இடைவெளியைக் குறித்து வையுங்கள். இரண்டு பருவத்திலும் நோட்டு ஒரே மாதிரி ஓடினால் ஒட்டுவேலை சரி. ஏதாவது ஒரு பருவத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், எந்தப் பக்கம், முனையில் இருந்து எவ்வளவு தூரத்தில் என்று அளந்து, படத்தோடு பட்டறைக்கு எழுதுங்கள். பள்ளத்தை அந்த இடத்தில் சுரண்டி மறுபடி பூச்சு அடிப்பது அவருக்குச் சின்ன வேலைதான்.